பதினொன்றாவது கட்டம்

செம்மண்டலம், கடலூர்
14.6.2010

திரு. உத்திராபதி அவர்களுக்கு,

சிவசக்தி எழுதுவது. ஐந்து வருடம் கழித்துக் கட்டின புருஷனுக்கு என்ன போட்டுக் கடிதம் ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன். கடைசியில் "திரு" போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். போனில் கேட்டிருக்கலாம்தான். பேசினால் நாலாவது வார்த்தையில் நான் அழுவேன், ஐந்தாவது வார்த்தையில் நீங்கள் கத்துவீர்கள். அதற்குக் கடிதம் மேல்.

ஒரு காரியமாக எழுதுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனி இருக்கிறது. வீட்டோடு படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள நர்சுகளையும் உதவிக்குப் பெண்களையும் அனுப்புகிறார்கள். ஊர் ஊராகக் கிளை கொடுக்கிறார்கள். பிரான்சைஸ் என்று பெயர். கடலூர்க் கிளையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். தேவநாதன் அண்ணன் தன் வீட்டு மாடியில் இரண்டு அறை ஒழித்துக் கொடுத்திருக்கிறார்.

கேட்டவுடன் போர்டு மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அங்கீகாரம் வாங்குவது அவ்வளவு லேசில்லை. கட்டட உரிமையாளர் சம்மதக் கடிதம், நகராட்சி ரசீது, தொழிலாளர் ஆபீசில் பதிவு, வேலைக்கு வரும் பெண்களுக்கு மஞ்சள்காமாலை ஊசி போட்ட சீட்டு, ஒவ்வொருவருக்கும் போலீஸ் ஸ்டேஷனில் நன்னடத்தைச் சான்று. ராசம்மாள் என்று ஒருத்தி, காடாம்புலியூர்க்காரி. முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கைரேகையே தேய்ந்துபோனவள். அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனால் ஏட்டு, "இந்தம்மா என்னா பண்ணுச்சி?" என்று கேட்கிறார். "ஒண்ணும் பண்ணல சார், அததான் எழுதிக் குடுங்க" என்று கேட்டேன். அதற்கே மூன்று நடை.

எல்லாம் முடிந்தது. ஒன்றுதான் பாக்கி. கிளை எடுப்பவரே பொறுப்பு நர்சாகவும் இருப்பதானால், படுக்கை நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்த அனுபவம் மூன்று வருடம் வேண்டுமாம். ஆஸ்பத்திரி அனுபவம் செல்லாது. ஆஸ்பத்திரியில் கூப்பிட்டால் டாக்டர் வருவார், வீட்டில் நர்சை விட்டால் ஆள் கிடையாது என்கிறார்கள். நியாயம்தான்.

அப்படி நான் வேலை பார்த்த வீடு ஒன்றே ஒன்றுதான். உங்கள் அப்பாவை 2001 ஜூன் முதல் 2005 மார்ச் வரை பார்த்துக்கொண்டேன். மூன்றே முக்கால் வருடம். அதை எழுத்தில் கொடுக்கக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். தேதி குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டு ஒரு அனுபவச் சான்று அனுப்பவும். ஜூலைக்குள் வேண்டும்.

வேறு எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை. பயப்பட வேண்டாம்.

சிவசக்தி


மேல வீதி, சிதம்பரம்
23.6.2010

சிவசக்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. "திரு"வும் வந்தது, "அவர்களும்" வந்தார்கள். இரண்டு பேரையும் உட்காரவைத்துக் காபி கொடுத்தேன். உன்னைத்தான் காணோம்.

நான் அதே பத்திர ஆபீஸ் வாசலில், அதே மரத்தடியில்தான் இருக்கிறேன். இப்போது எல்லாரும் கம்ப்யூட்டரில் பத்திரம் அடிக்கிறார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைத் தேடி வருகிறவர்கள் மாதத்தில் பத்துப் பேர். மத்தியானம் தெற்கு வீதி மெஸ்சில் சாப்பிடுகிறேன். சாயங்காலம் நானே தோசை ஊற்றிக்கொள்கிறேன். முதல் தோசை எப்போதும் கல்லோடு போய்விடுகிறது. நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

சொந்த மாமனாரைக் கவனித்ததற்குச் சர்டிபிகேட் கேட்கிற மருமகளை என் இருபத்திரண்டு வருட எழுத்துத் தொழிலில் நான் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்டுவிட்டாய். ஸ்டாம்பு பேப்பரிலேயே எழுதியிருக்கிறேன். நகல் கீழே:

"சிதம்பரம் டவுன் மேல வீதியில் வசிக்கும் காலஞ்சென்ற சபாநாயகம் குமாரர் உத்திராபதி ஆகிய நான் மனப்பூர்வமாகவும், எவருடைய தூண்டுதலும் இன்றியும் எழுதிக்கொடுக்கும் சான்று யாதெனில், என் தகப்பனார் மேற்படி சபாநாயகம் பக்கவாதத்தினால் படுக்கையுற்றிருந்த 2001 ஜூன் முதல் 2005 மார்ச் வரையிலான காலத்தில், என் மனைவி சிவசக்தி, மேற்படியாரை மருமகள் என்ற முறையில் தன் கடமையாக ஏற்று, அன்புடனும் பொறுமையுடனும் கவனித்துக்கொண்டார் என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்."

போதும் என்று நினைக்கிறேன். தேவநாதன் மச்சானைக் கேட்டதாகச் சொல்லவும்.

உத்திராபதி


செம்மண்டலம்
2.7.2010

உத்திராபதி அவர்களுக்கு,

சான்று வந்து சேர்ந்தது. கல்யாண வாழ்த்துமடல் மாதிரி ரொம்ப அழகாக இருந்தது. கம்பெனியின் புதுச்சேரி ஆபீசுக்கு எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் பெண் இரண்டு தடவை படித்தாள். "மேடம், இதுல நீங்க என்ன வேல செஞ்சீங்கன்னே இல்லியே" என்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

என்ன வேலை செய்தேன் என்று உங்களுக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைத்தேன். மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றினேன். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மூத்திரக் குழாய் மாற்றினேன். சளியை மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்தேன். இடுப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் படுக்கைப்புண் வந்தது, ஐந்து மாதம் மருந்து வைத்து ஆற்றினேன். டாக்டர் தேவசகாயம் அதைப் பார்த்துவிட்டு "ஆஸ்பத்திரியில கூட இப்படி ஆறாதும்மா" என்றார். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

அன்பு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வருடம் அன்பெல்லாம் கிடையாது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவரைக்கும் என்னை நர்ஸ் என்று நாலு பேரிடம் சொல்லக் கூச்சப்பட்டவர் அவர். மூன்றாவது வருடம் ஒரு நாள் துடைத்துவிட்டு எழுந்தபோது என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வராது, பிடித்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வந்ததுதான் அன்பு. வேலை முதல் நாளே ஆரம்பித்துவிட்டது.

கடமை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், பதினேழாம் நாள், திரும்ப ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறேன் என்று சொன்னேன். நீங்கள் செய்தித்தாளை இறக்காமலே சொன்னீர்கள்: "நாலு வருஷம் சும்மா வூட்லதான இருந்த. இப்ப யாரு சேத்துக்குவாங்க?" உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு அந்தச் செய்தித்தாளின் பின்பக்கத்தில் என்ன விளம்பரம் இருந்தது என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. எல்லாரும் என்னை, இதற்காகவா வந்தாய் என்று கேட்டார்கள். ஆமாம், "சும்மா" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன்.

கடமையை எடுத்துவிடுங்கள், அன்பையும் பொறுமையையும் எடுத்துவிடுங்கள். வேலை என்று எழுதுங்கள். என்னென்ன வேலை என்று எழுதுங்கள்.

சிவசக்தி


மேல வீதி, சிதம்பரம்
20.7.2010

சிவசக்திக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. என்னென்ன வேலை என்று எழுத உட்கார்ந்தால் எனக்கு நாலு வரிக்கு மேல் தெரியவில்லை. பிறகு அலமாரியைத் திறந்து உன் நோட்டுகளை எடுத்தேன். ஆறு நோட்டும் இருக்கின்றன. எந்த மணிக்குப் புரட்டினாய், எத்தனை மில்லி போயிற்று, காய்ச்சல் எவ்வளவு என்று ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறாய். ஆறையும் படித்துவிட்டுத்தான் பேனாவைத் தொட்டேன். அதனால் பதினைந்து நாள்.

7.2.2003 அன்று பன்னிரண்டு தடவை புரட்டியிருக்கிறாய். அன்றைக்கு நம் கல்யாண நாள். மேட்னி ஷோவுக்குக் கூப்பிட்டு நீ வரவில்லை என்று நான் மூன்று நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். நோட்டில் அந்த மூன்று நாளும் அப்பாவுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு.

நீ சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னது நான்தான். சொல்லவில்லை என்று வாதாட மாட்டேன்.

இத்துடன் இரண்டு பக்கச் சான்று. டாக்டர் தேவசகாயத்திடம் காட்டினேன். தனியாக ஒரு தாளில் அவரும் தன் பங்குக்கு எழுதிச் சீல் வைத்துக் கொடுத்தார். "அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?" என்று கேட்டார். கடலூரில் என்றேன். "எப்ப வருவாங்க?" என்றார். சீல் கொஞ்சம் மங்கலாக விழுந்திருக்கிறது, இன்னொரு தடவை வையுங்கள் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

உத்திராபதி


செம்மண்டலம்
11.8.2010

உங்களுக்கு,

இரண்டு பக்கத்தையும் படித்தேன். பஸ்ஸில் ஒரு தடவை, வீட்டுக்கு வந்து ஒரு தடவை. நான் செய்ததை இன்னொருவர் கையெழுத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நன்றி. இது சும்மா எழுதும் நன்றி இல்லை.

ஆனால் பிரயோசனமில்லை. கம்பெனி விண்ணப்பத்தில் பதினொன்றாவது கட்டம் என்று ஒன்று இருக்கிறது. "பராமரிக்கப்பட்டவருக்கு உறவு." மருமகள் என்று எழுதிக் கொடுத்தேன். அதைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிவிட்டார்கள். உறவினரைப் பார்த்துக்கொண்ட காலம் அனுபவக் கணக்கில் வராதாம். அவர்களுடைய விதியாம். உங்கள் இரண்டு பக்கத்தைக் காட்டினேன், டாக்டர் சீலைக் காட்டினேன். அந்தப் பெண்ணுக்கே பாவமாக இருந்தது. "சொந்தக்காரங்கன்னா எல்லாரும் பாக்கறதுதான மேடம், அதெல்லாம் எக்ஸ்பீரியன்ஸ்ல எடுத்துக்க மாட்டாங்க" என்றாள்.

ஊரான் வீட்டில் செய்திருந்தால் அது வேலை. நம் வீட்டில் செய்ததால் அது சும்மா. நீங்கள் அன்றைக்கு வாயால் சொன்னதை இவர்கள் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். இனி உங்கள் மேல் மட்டும் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

ராசம்மாள் தினமும் போன் செய்கிறாள். "எப்பக்கா ஆரம்பிப்போம்?" என்கிறாள். மங்கலம்பேட்டையிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர், போலீஸ் சான்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. இதை விட்டால் இன்னொன்றை ஆரம்பிக்கத் தெம்பு இருக்குமா என்றும் தெரியவில்லை.

உங்களுக்குச் சிரமம் கொடுத்துவிட்டேன். இத்தோடு விட்டுவிடலாம்.

சிவசக்தி


மேல வீதி, சிதம்பரம்
19.8.2010

சிவசக்திக்கு,

விட வேண்டாம். இத்துடன் மூன்றாவது சான்று அனுப்பியிருக்கிறேன். வேலையெல்லாம் முன்பு எழுதியபடியே இருக்கிறது. உன்னைக் கடலூர் நர்ஸ் கோ. சிவசக்தி என்று எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டோடு தங்கிப் பணிபுரிந்தார், எங்களுக்கு உறவு ஏதும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். டாக்டர் எழுதியதில் உறவைப் பற்றிப் பேச்சில்லை, அதை அப்படியே சேர்த்துக்கொள்.

ஒரு பத்திரக்காரனாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். உன் நர்சிங் பதிவு உன் அப்பா இனிஷியலில் இருக்கிறது. ரேஷன் கார்டில் உன் அண்ணன் வீட்டில் இருக்கிறாய். நம் கல்யாணத்தை எந்த ஆபீசிலும் பதியவில்லை. வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் உன் பேரில் என் பெயர் எங்கேயும் வராது. காகிதத்தில் நீ யாரோ, நான் யாரோ.

சாட்சிக்குக் கொளஞ்சியப்பன் கையெழுத்துப் போட்டான். நம் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். தாளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான், போட்டுவிட்டுப் போய்விட்டான்.

எழுதும்போது கஷ்டமாக இல்லை. எவ்வளவோ எழுதியாயிற்று. எழுதி முடித்த பிறகு மட்டும் அன்றைக்கு வேறு எதுவும் எழுதப் பிடிக்கவில்லை. மேஜையை மூடிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

உத்திராபதி


செம்மண்டலம்
3.9.2010

உங்களுக்கு,

கொடுத்துவிட்டேன். நான்கு நாள் பீரோவில் வைத்திருந்துவிட்டு ஐந்தாம் நாள் கொடுத்தேன். அவர்கள் திருப்பிய விண்ணப்பத்துக்குப் பதில் புதிதாக ஒன்று நிரப்பினேன், பாவப்பட்ட அந்தப் புதுச்சேரிப் பெண்ணே "இப்ப சரியா இருக்கு மேடம்" என்று வாங்கிச் சென்னைக்கு அனுப்பிவிட்டாள். "உறவு இல்லை" என்று உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் தாளை மடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதைக் கேட்டது நான் இல்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கேட்கவில்லைதான். ஆனால் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

சரிபார்க்க சென்னையிலிருந்து ஒருவர் உங்கள் வீட்டுக்கு வருவார். பெயர் அருண்குமார். என்னைப் பற்றிக் கேட்டால் "நர்ஸ்" என்று சொல்லுங்கள், அல்லது "சிவசக்தி மேடம்". மாடி அறையில் தங்கியிருந்தேன் என்று சொல்லுங்கள். கூடத்தில் நம் கல்யாணப் போட்டோ இருந்தால் கழற்றிவிடுங்கள். இன்னும் மாட்டியிருக்கிறீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

சிவசக்தி


மேல வீதி, சிதம்பரம்
12.10.2010

சிவசக்திக்கு,

உனக்கு இதற்குள் தகவல் வந்திருக்கும். வராவிட்டாலும் என் வாயாலேயே தெரியட்டும். நான் கெடுத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை அந்த அருண்குமார் வந்தார். நாற்பது வயது இருக்கும், நல்ல மனிதர். போட்டோவை முதல் நாளே இறக்கிவிட்டேன். இறக்கின இடத்தில் சுவர் சதுரமாக வெள்ளையாகத் தெரிந்தது. பதினாறு வருடத்துப் புகை படாத இடம். அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினேன். காலண்டர் சின்னது, நாலு பக்கமும் வெள்ளை தெரிந்துகொண்டுதான் இருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

நீ சொன்னபடியே எல்லாம் சொன்னேன். நர்ஸ் மாடியில் தங்கியிருந்தார் என்றேன். எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்டினார் என்று கேட்டார், இரண்டு மணிக்கு என்றேன். படுக்கைப்புண் எங்கே வந்தது, எத்தனை மாதத்தில் ஆறியது, எல்லாம் சொன்னேன். "என்னா சார், நீங்களே நர்ஸ் மாதிரி சொல்றீங்க" என்று சிரித்தார். ஆறு நோட்டையும் படித்தவனுக்கு அது ஒரு கஷ்டமா? நான்கு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பைலை மூடிவிட்டார். அத்தோடு அனுப்பியிருக்க வேண்டும். நான்தான், காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம் சார் என்று உட்காரவைத்தேன். வீட்டுக்கு ஆள் வந்து எத்தனையோ நாளாயிற்று.

காபியைக் குடித்துக்கொண்டே சும்மா பேச்சுக்குச் சொன்னார். "நாலு வருஷம் ஒரு பெட் பேஷண்ட வச்சி சமாளிக்கறதுன்னா லேசு இல்ல சார். பெரிய மனசு சார் ஒங்களுக்கு."

அதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. செய்யாத வேலைக்கு என்னைப் புகழ்கிறார். "நான் எங்க சார் சமாளிச்சேன்? எல்லாம் எங்க வூட்லதான் சார். நாலு வருஷமும் எங்க வூட்ல ஒரு நாளு உக்காந்து நிம்மதியா ஒரு வாய் சாப்ட்டது இல்ல. சட்டிய கையில வச்சிக்கிட்டு நின்ன மேனிக்கே சாப்புடுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "வூட்லன்னா... யாரு சார்?" என்றார்.

தங்கச்சி என்று சொல்லியிருக்கலாம். சமையல்கார அம்மா என்று சொல்லியிருக்கலாம். இப்போது பத்துப் பொய் தோன்றுகிறது. அப்போது ஒன்றும் வரவில்லை. அவர்தான் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சார், கேட்டத எழுதித்தான் ஆவணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் போனார்.

வேண்டுமென்று சொல்லவில்லை, சத்தியமாக. நாக்கு பழகிவிட்டது. நீ போனதிலிருந்து இப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பால்காரர் கேட்டால் "எங்க வூட்ல ஊருக்குப் போயிருக்காங்க, கால் லிட்டர் போதும்" என்பேன். கேஸ்காரன் வந்தாலும் அதுதான், பேங்கில் கேட்டாலும் அதுதான். ஐந்து வருடமாக நீ ஊருக்குப் போயிருக்கிறாய். அவர்கள் யாரும் எப்போது வருவாய் என்று கேட்பதில்லை, எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

எழுதுகிற பொய் எனக்கு வருகிறது, பேசுகிற பொய் வரவில்லை. உன் கிளை போனதற்கு நான்தான் காரணம். என்னைத் திட்டி ஒரு கடிதமாவது எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

உத்திராபதி


செம்மண்டலம்
18.11.2010

மாமாவுக்கு,

திட்டித்தான் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அருண்குமார் கேட்டதை எழுதிவிட்டார். ஆனால் கம்பெனியில் கதவை முழுதாக மூடவில்லை. பேச்சுவாக்கில் வந்த ஒரு சொல்லை வைத்து முடிவு செய்ய முடியாது, உத்திராபதி என் கணவர் இல்லை என்று நான் நோட்டரி முன்னால் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால் அங்கீகாரம் தருகிறோம் என்று கடிதம் போட்டார்கள். ராசம்மாளுக்குப் போன் செய்து, தை பிறந்தால் வேலை என்று சொல்லிவிட்டேன். மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குப் போய் ஸ்டாம்பு பேப்பர் வாங்கி, வாசலில் டைப் அடிக்கிறவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் உங்கள் தொழில்காரர்தானே, என் முகத்தைப் பார்க்காமல் கடகடவென்று அடித்துக் கொடுத்தார்.

"மேற்படி உத்திராபதி என்பவருக்கும் எனக்கும் எக்காலத்திலும் எவ்விதமான உறவும் இருந்ததில்லை."

அந்த "எக்காலத்திலும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். "இப்ப இல்லன்னு மட்டும் போட முடியாதாண்ணே?" என்று கேட்டேன். "அப்டி போட்டா செல்லாதும்மா" என்றார். நோட்டரி பேனாவை நீட்டினார், வாங்கினேன். என் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர். ஐந்து வருடமாக அதைத்தானே நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? எனக்கும் அந்த ஆளுக்கும் ஒன்றுமில்லை என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். அதையே எழுதி வைத்துக் கையெழுத்துப் போடு என்றால் கை போகவில்லை. பேனாவைக் கொடுத்துவிட்டு வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே கம்பெனிக்கு எழுதிவிட்டேன். உத்திராபதி என் கணவர், இறந்தவர் என் மாமனார், உறவு இல்லை என்ற சான்று பொய், பொய் என்று தெரிந்தே கொடுத்தேன் என்று எழுதினேன். இரண்டு வருடத்துக்கு நான் விண்ணப்பம் போட முடியாது. அதுவரைக்கும் புதுச்சேரிக் கிளையில் சாதாரண நர்சாக வீடு வீடாகப் போய் வேலை பார்த்தால் அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். டிசம்பர் ஒன்றாம் தேதி சேருகிறேன். அங்கே பொறுப்பில் இருக்கும் பெண்ணுக்கு இருபத்தெட்டு வயது. அவளை நான் மேடம் என்று கூப்பிட வேண்டும். ராசம்மாள் என்னோடு வருகிறாள். மங்கலம்பேட்டைப் பெண்கள் போன் எடுப்பதில்லை. மாடி அறையைப் பூட்டிச் சாவியை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன்.

இப்போது திட்டுகிறேன். ஒரு வாய்க் காபிக்கு என் இரண்டு வருடத்தைக் கொடுத்துவிட்டீர்கள். எனக்கு எரிகிறது. ஆனால் அதற்கு மேல் எரிகிற இடம் ஒன்று இருக்கிறது. நான் நின்றுகொண்டே சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நாலு வருடமும் பார்த்திருக்கிறீர்கள். அதை என்னிடம் சொல்லவில்லை, யாரோ ஒரு அருண்குமாரிடம் சொல்கிறீர்கள். ஊருக்குப் போயிருக்காங்க என்று பால்காரருக்குச் சொல்கிறீர்கள். எனக்கு ஒரு கார்டு போட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? பால்காரருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே மாமா. நான் இங்கே மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, நமக்கு யாருமில்லை என்று ஐந்து வருடம் அழுதிருக்கிறேன்.

வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். வரவில்லை. எழுதவும் பேசவும் தெரிந்த நீங்கள் எனக்கு நேராக ஒன்றும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை, பையைத்தான் எடுத்தேன். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரே கூடத்தில் மறுபடி உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது. புதுச்சேரியில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். நானும் ராசம்மாளும் இருப்போம்.

நேற்று வேலையில் சேருவதற்கான படிவம் நிரப்பினேன். வீடு வீடாகப் போகிற நர்சுக்கு வழியில் ஏதாவது ஆகிவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பெயர், உறவு, போன் நம்பர். அண்ணன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார், தன் செல்போனை எடுத்து நம்பரைச் சொல்லக் காத்திருந்தார். நான் சிதம்பரம் வீட்டு நம்பரை எழுதினேன். பெயரையும் உறவையும் நிரப்பிவிட்டேன். அண்ணன் பார்த்துவிட்டுச் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் ஆகாது. ஒருவேளை போன் வந்தால் எடுங்கள்.

சிவசக்தி